மலர்மணமும் மறைந்தோர் நினைவும்

காற்றில் மிதந்து வரும் ஒரு மலரின் மணம் நம்மைத் தீண்டுகிறது. அக்கணமே, நம்மைவிட்டு நீங்கிய ஒருவருடைய முகம் நெஞ்சில் எழுகிறது. அவரை நினைக்க வேண்டுமென்று நாம் முயன்றோமல்லோம். வேறு ஏதோ வேலையாகச் சென்றுகொண்டிருந்தோம். எனினும் அவருடைய குரலும், நடையும், அவர் அமர்ந்திருந்த இடமும் ஒருங்கே வந்து நம்முன் நிற்கின்றன. பிரிந்த நாளில் இருந்த துயரம் அவ்வளவும் திரும்பி வந்ததுபோல் தோன்றுகிறது.

இவ்வனுபவம் பெறாதார் மிகச் சிலரே. பற்று நீங்குதலே துன்பம் நீங்கும் வழி என்று நாம் கற்றிருக்கிறோம். அங்ஙனமாயின், மலரால் எழும் இந்நினைவை நாம் யாதென்று கொள்வது? இஃது அறுத்தெறிய வேண்டிய தளையா? அன்றி, போற்றிக் காக்க வேண்டிய செல்வமா? அன்புடையாரை இழந்த ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினா இது. இதனைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் சமவெளிகளில் வளராத ஒரு மலரைத் துணையாகக் கொள்வோம். நாம் நன்கறிந்த மல்லிகை சந்தையிலும், மணப்பந்தரிலும், கோயிலிலும், இறுதி ஊர்வலத்திலும் இடம்பெறுவது. பல திங்கள் பூப்பது. ஆகையால் அதன் மணம் எதனை நினைவூட்டுகிறது என்று பிரித்துக் கூறுதல் அரிது. மேலை நாடுகளில் லைலாக் என்று வழங்கப்பெறும் மலரோ ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில், ஏறத்தாழ இரண்டு வாரங்களே பூத்து நிற்கும். பின்னர் அதன் மணத்திற்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். இதனாலேயே அம்மலர் அந்நாட்டு மக்களின் உள்ளத்தில் மறைந்தோர் நினைவோடு பெரிதும் பிணைந்துவிட்டது.

லைலாக் என்பது இருபதடி வரையில் வளரக்கூடிய ஒரு புதர்ச்செடி. இலைகள் இதய வடிவின. மலர்கள் சிறியவை, நான்கு இதழ்கள் விரிந்து, கொத்துக் கொத்தாகப் பூப்பவை. வெளிர்நீலம் கலந்த ஊதா நிறமே பெரும்பான்மை. வெண்மையும் செம்மையும் உண்டு. பால்கன் தீபகற்பத்தின் பாறைக் குன்றுகள் அதன் தாயகம். 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் தலைநகரிலிருந்து வியன்னா நகருக்குச் சென்று, அங்கிருந்து மேலை ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பின்னர்க் கடல் கடந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவையும் அடைந்தது.

இம்மலர் நமக்கு முற்றிலும் அயலதென்று எண்ணவேண்டா. தாவர நூலார் இதனையும் மல்லிகையையும் ஒரே குடும்பத்தில், ஒலிவ மரக் குடும்பத்தில், வைத்திருக்கின்றனர். நம் முற்றங்களில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பவளமல்லியும் அக்குடும்பத்ததே. லைலாக் என்னும் பெயரும் பாரசீக மொழியில் நீலநிறத்தைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. அச்சொல்லுக்கு மூலம் நாம் வழங்கும் ‘நீலம்’ என்பதே. இதன் இனத்தைச் சேர்ந்த செடியொன்று நம் மேற்கு இமயமலைச் சரிவுகளிலும் வளர்கிறது. ஆயினும் குளிர்காலத்தின் கடுங்குளிர் இன்றி லைலாக் நன்கு பூப்பதில்லை. ஆதலின் தென்னாட்டு வெயிலில் அதனைக் காண்பதற்கில்லை.

மலரின் தோற்றத்தைவிட அதன் மணமே நினைவை விரைந்து எழுப்புவது ஏன்? உடலியல் அறிஞர் இதற்கு ஒரு காரணம் கூறுகின்றனர். கண்ணால் காண்பனவும் செவியால் கேட்பனவும் மூளையின் நடுவே உள்ள ஒரு நிலையத்தைக் கடந்த பின்னரே ஏனைய பகுதிகளைச் சேர்கின்றன. மணமோ அந்நிலையத்திற் காத்திராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று அடைகிறது. ஆகவே இன்ன மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சம் நெகிழ்ந்துவிடுகிறது. நினைவு எழுந்தமைக்காக ஒருவர் தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை என்பது இதனால் விளங்கும். எழுவது நம் வசத்தில் இல்லை. எழுந்த பின் அதனை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே நம் வசத்தில் உள்ளது. அறத்தின் வினாவும் அங்கேதான் தொடங்குகிறது.

வரலாற்றில் பதிவான ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் முடியும் தறுவாயில், 1865 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் வாஷிங்டன் நகரில் ஒரு நாடக அரங்கில் சுடப்பட்டு, மறுநாட் காலை உயிர் நீத்தார். அவருடைய உடல் புகைவண்டியில் ஏற்றப்பெற்று, சுமார் 1,600 மைல் சென்று இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அடக்கம் செய்யப்பெற்றது. வழிநெடுக மக்கள் கூடி நின்று கண்ணீர் விட்டனர்.

அந்நாளில் கவிஞர் வால்ட் விட்மன் புரூக்ளினில் தம் அன்னையாரின் இல்லத்தில் இருந்தார். அவ்வாண்டு வசந்தம் முன்னதாகவே வந்து லைலாக் மலர்கள் நிறைந்து பூத்திருந்தன. லிங்கனின் மரணத்திற்கும் அம்மலர்களுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. எனினும் அவற்றைக் காணும்போதும் முகரும்போதும் அந்நாளின் பெருந்துயரம் தவறாமல் தமக்கு நினைவு வருகிறது என்று விட்மன் பிற்காலத்தில் தம் சொற்பொழிவில் கூறினார். லைலாக்கைப் பெயரிலேயே கொண்டு அவர் இயற்றிய இரங்கற்பா உலகப் புகழ் பெற்றது. அப்பாட்டில் லிங்கனின் பெயர் ஓரிடத்தும் வருவதில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். ஒருவருக்காகத் தொடங்கிய இரங்கல், பாட்டு வளர வளர, அப்போரில் மாண்டார் அனைவருக்கும் உரியதாக விரிகிறது. அதற்கும் முன்பே விட்மன் வாஷிங்டன் நகரத்துப் போர் மருத்துவமனைகளில் புண்பட்ட வீரர்களின் அருகமர்ந்து, அவர்களுக்காகக் கடிதம் எழுதியும் பழங்கள் கொடுத்தும் பணி புரிந்தவர். பலர் அவர் கண்முன்னே உயிர் விட்டனர். ஆதலின் அவர் கையில் இருந்த மலர்க்கிளை ஒரு சவப்பெட்டியோடு நிற்கவில்லை.

இனி, நம் வினாவுக்கு வருவோம். மறைந்தோர் நினைவை நடத்துவதில் மக்கள் இரு வழிகளில் தவறுகின்றனர்.

முதல் வழி, நினைவூட்டும் பொருளை வெறுத்து விலக்குதல். மலரைக் கண்டால் மனம் கலங்குகிறது. ஆகவே செடியை வெட்டிவிடுவோம் என்பது இது. ஒருவர் தம் துயரம் ஆற மாட்டாமல் சிலகாலம் இவ்வாறு செய்வராயின் அவர்பால் நமக்கு இரக்கமே உண்டாகும். ஆனால் இவ்விலக்கைச் சமூகம் ஒரு சட்டமாகப் பிறர்மேல் சுமத்துமாயின் அது கொடுமையாகும். நம் நாட்டில் கணவனை இழந்த பெண்ணின் கூந்தலினின்று மலரைக் களையும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. இன்றும் அது முற்றும் ஒழிந்தபாடில்லை. துணையை இழந்த ஒருத்திக்கு ஆறுதல் எஞ்சியிருக்குமாயின், அவர் வாங்கி வந்த மல்லிகையின் மணமும் அதனுள் ஒன்றாக இருந்திருக்கும். அதனையும் பறித்து, அவள் துன்பத்தை ஊரறியக் குறியிட்டு நிறுத்தியதை எந்த அறம் ஒப்பும்? துறவு என்பது தானே தேர்ந்து மேற்கொள்வது. பிறரால் பறிக்கப்பட்டதற்குத் துறவு என்று பெயரிடுதல் பொருந்தாது. மலரை அஞ்சி விலக்குபவரும் மலரால் ஆளப்படுபவரே. வெறுப்பும் பற்றின் மறுபுறமேயாகும்.

இரண்டாம் வழி, நினைவைப் பிடித்து நிறுத்த முயலுதல். மறைந்தவர் இருந்த அறையை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பர். அவர் காலத்தில் இருந்தவாறே எல்லாம் இருத்தல் வேண்டும் என்பர். வீட்டில் உயிரோடிருக்கும் சிறுவர் சிரித்தாலும் அதனைக் குற்றமாகக் கொள்வர். இத்தகையோருக்கு லைலாக் மலர் ஓர் உண்மையை உணர்த்துகிறது. ரோஜாவினின்றும் மல்லிகையினின்றும் அத்தர் எடுக்கின்றனர். லைலாக்கினின்று அதன் உண்மை மணத்தை அவ்வாறு வடித்தெடுத்து விற்பனைக்குக் கொண்டுவர வாசனைத் தொழிலாளரால் இயலவில்லை. லைலாக் வாசனை என்று குப்பிகளில் விற்கப்படுவது வேறு பொருள்களைக் கலந்து அம்மணம்போல் செய்த ஒன்றேயாகும். பூத்து நிற்கும் கிளையினருகே சென்று நின்றாலன்றி அதன் மணம் கிட்டாது. மறைந்தோர் நினைவும் அன்னதே. தானே வரும்போது அது மெய்யாக இருக்கிறது. அதனைக் குப்பியில் அடைக்க நாம் முனையும்போது கிடைப்பது நம்மால் செய்யப்பட்ட போலியே. பூட்டிய அறையில் இருப்பவர் மறைந்தவர் அல்லர். நம் துயரமே அங்கே குடியிருக்கிறது.

இவ்விரண்டும் தவறாயின் நடுவழி யாது? பௌத்த நூல்கள் கூறும் கேமகர் என்னும் தேரரின் வரலாறு இங்கு நமக்கு ஒளி தருகிறது. கேமகர் கோசாம்பி நகரையடுத்து நோயுற்றுக் கிடந்தார். அந்நகரின் கோசிதாராமத்தில் இருந்த மூத்த துறவியர், தாசகர் என்னும் பிக்குவைத் திரும்பத் திரும்ப அவரிடம் அனுப்பி வினாவினர். உடல், உணர்ச்சி முதலிய ஐந்து கந்தங்களுள் எதனையும் தாம் ‘நான்’ என்று கொள்வதில்லை என்றும், எனினும் ‘நான் இருக்கிறேன்’ என்னும் உணர்வு தம்மை முற்றும் விட்டு நீங்கவில்லை என்றும் அவர் மறைக்காமல் கூறினார். அதனை விளக்க இரண்டு உவமைகளைக் காட்டினார். தாமரையின் மணம் இதழுக்கு உரியதா, நிறத்துக்கு உரியதா, மகரந்தத்துக்கு உரியதா என்று பிரித்துக் கூறவியலாது. மலரின் மணம் என்றே கூறவேண்டும் என்பது ஒன்று. அழுக்கேறிய துணியை உவர்மண்ணும் சாணமும் இட்டுத் துவைத்தால் அழுக்கு நீங்கும். ஆயினும் துவைத்த பொருள்களின் வாடை சற்றே எஞ்சி நிற்கும். நறுமணப் பேழையில் வைத்தால் நாளடைவில் அவ்வாடையும் அகலும் என்பது மற்றொன்று.

இவ்வரலாற்றில் நம்மைக் கவர்வது கேமகரின் நேர்மையும் பொறுமையும் ஆகும். அறிவால் உணர்ந்த பின்னும் நெஞ்சில் ஒரு வாடை எஞ்சி நிற்கலாம் என்பதை அவர் நாணாமல் ஒப்புக்கொண்டார். அத்துணை உயர்ந்தவருக்கே அவ்வாறாயின், இல்லறத்தில் நின்று அன்னையையோ, துணைவரையோ, மகவையோ இழந்த ஒருவரிடம், எல்லாம் அநித்தியம் என்று அறிந்தும் ஏன் அழுகிறாய் என்று கேட்பது எவ்வளவு இரக்கமற்ற செயல்! அழுக்கை நீக்குவது ஒரு வேலை. எஞ்சிய வாடை அகல்வது வேறொரு வேலை. பின்னதற்குக் காலமும் நல்ல பேழையும் வேண்டும். நற்செயலும், நல்லோர் நட்பும், தெளிந்த சிந்தனையுமே அப்பேழை எனலாம்.

மேலும் ஒன்று. எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பாகிய ‘ஸம்மா ஸதி’ என்பதில் ‘ஸதி’ என்னும் சொல்லின் முதற்பொருள் நினைவு என்பதே. விழிப்போடு இருத்தல் என்னும் பொருள் அதன்மேல் வளர்ந்தது. ஆகவே அந்நெறி மறதியைக் கேட்கவில்லை. செம்மையாக நினைக்கும் ஆற்றலையே கேட்கிறது.

செம்மையாக நினைத்தல் எவ்வாறு? ‘அவர் என்னுடையவர், அவரை என்னிடமிருந்து பறித்துவிட்டனர்’ என்று நினைப்பது ஒரு வகை. ‘அவரால் இன்னது பெற்றேன்; அஃது இன்றும் என்னிடம் உள்ளது’ என்று நினைப்பது இன்னொரு வகை. இரண்டிலும் நினைக்கப்படுபவர் ஒருவரே. கண்ணீரும் இரண்டிலும் வரக்கூடும். ஆனால் முன்னது ஒவ்வொரு வசந்தத்திலும் இழப்பைப் புதுப்பிக்கும். பின்னது நன்றியாக மாறும். நன்றி கைம்மாறு செய்யத் தூண்டும். கைம்மாறு செய்ய வேண்டியவர் இல்லாதபோது அஃது இருப்பவரை நோக்கித் திரும்பும்.

அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து என்னும் பகுதியில் இதற்கொரு சான்று நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே உழவர் பலர் தம் கல்மேட்டு நிலங்களை விட்டு, மேற்கே இருந்த வளநிலங்களுக்கும் ஆலை நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். வீடுகள் இடிந்து மண்ணாயின. வயல்கள் மீண்டும் காடாயின. இன்று அக்காடுகளில் நடப்போர், கல்லடுக்கிய நிலவறைப் பள்ளம் ஒன்றையும், அதனருகே பூத்து நிற்கும் லைலாக் புதர் ஒன்றையும் காண்பர். வாயில் இருந்த இடத்தை அப்புதரே காட்டுகிறது. வேரிலிருந்து புதிய தளிர்களை விட்டுக்கொண்டே இருப்பதால் அச்செடி நூறாண்டும் அதற்கு மேலும் வாழ வல்லது. 1854இல் வெளியான ‘வால்டன்’ என்னும் தம் நூலில் ஹென்றி தாவீது தோரோ இக்காட்சியைக் குறித்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் சிறு குச்சியாக அதனை ஊன்றிய குழந்தைகள், தங்களையும் அவ்வீட்டையும் கடந்து அது நிற்கும் என்று எண்ணியிரார் என்பது அவர் கருத்து.

அச்செடியை நட்டவர் பெயரை இன்று அறிவார் இல்லை. அவருக்காக அழுவாரும் இல்லை. ஆயினும் அவர் செய்த நன்மை ஆண்டுதோறும் மே மாதத்தில், யாரென்றறியாத வழிப்போக்கருக்கும் மணமாக வந்து சேர்கிறது. லைலாக் நட்ட உடனே பூப்பதுமில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும். ஆகவே முதுமையில் அதனை நடுபவர், தாம் காணாத மலரைப் பிறர் காண்பதற்காகவே நடுகிறார். ‘எனது’ என்பது உதிர்ந்த பின்னும் அன்பு எஞ்சி நிற்பது எவ்வாறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இங்கு ஒரு தடை எழலாம். ‘தாய் தந்தையரை இழந்தோர், அவரால் பெற்றோம் என்று நன்றி கூறலாம். இளங்குழந்தையைப் பறிகொடுத்த தாய் யாதைப் பெற்றாள்? அவளுக்கு எஞ்சியது வெறுமையே அன்றோ?’ என்று கேட்பர். இத்தடையை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அத்தாயின் துயருக்கு ஈடாக எடுத்துக் கூறத்தக்க ஆறுதல்மொழி எம்மிடம் இல்லை. எவரும் அவளிடம் சென்று இது நன்மைக்கே என்று கூறாதிருப்பாராக. எனினும் இவ்வளவு சொல்லலாம். அக்குழவி வருமுன் அவளிடம் இல்லாத ஒன்று, அது வந்ததனால் அவளிடம் தோன்றியது. நள்ளிரவில் சிறு முனகல் கேட்டு எழும் செவியும், பிற உயிரின் பசியைத் தன் பசியாக உணரும் நெஞ்சமும் அவள் அக்குழந்தையால் பெற்றவை. குழந்தை மறைந்தது, அந்நெஞ்சம் மறையவில்லை. செல்ல இடமின்றி அது நிற்பதே அவள் வேதனை. அதற்குச் செல்லும் வழியொன்று மெல்லத் திறக்குமாயின், வேறொரு குழந்தையின் பசியிலோ, வேறொரு தாயின் கண்ணீரிலோ அது சென்று சேருமாயின், துயரம் அழியாவிட்டாலும் அதன் தன்மை மாறும். அவ்வழி திறக்கும் வரை அவளருகே அமைதியாக இருப்பது சுற்றத்தாரின் கடமையாகும். அவளை விரைவுபடுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

லைலாக் செடியின் இயல்பொன்று இங்கு நினைக்கத்தக்கது. இவ்வசந்தத்தில் விரியும் மலருக்குரிய அரும்பு, சென்ற ஆண்டு மலர்கள் உதிர்ந்த பின் வந்த கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையுதிர்ந்து, பனி மூடி, செடி பட்டுப்போனது போலத் தோன்றும் காலமெல்லாம் அவ்வரும்பு கிளையில் காத்திருக்கிறது. ஆதலின் தோட்டத் தொழிலறிந்தோர் மலர்கள் வாடியவுடனே கிளைகளைக் கழிப்பர். காலந்தாழ்த்திக் கழித்தால் வரும் ஆண்டின் பூவையும் வெட்டியவராவர். எல்லாம் காரணத்தால் தோன்றுகின்றன என்னும் உண்மை இதிலும் விளங்குகிறது. துயருற்றவர்பால் இன்று நாம் பேசும் சொல் அடுத்த வசந்தத்தில் அவர் நினைவு எவ்வாறு மலரும் என்பதற்கு ஒரு காரணமாகிறது.

பருவமும் நிலையானதன்று. அமெரிக்காவில் 1950களிலிருந்து ஆர்வலர் பலர் லைலாக் தளிர்க்கும் நாளையும் பூக்கும் நாளையும் குறித்து வருகின்றனர். புவி வெப்பமுறுதலால் அந்நாட்டு வடகிழக்குப் பகுதியில் வசந்தம் முன்னைவிடச் சில நாள்கள் முந்தி வருவதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. மறைந்த அன்னையின் நினைவுநாளில் என்றும் பூத்திருந்த செடி, இனி அந்நாளுக்கு முன்பே பூத்து உதிரக்கூடும். நினைவுக்குத் துணையாக நாம் கொண்ட பொருளும் மாறுகிறது. ஆகவே நினைவைப் பொருளின்மேல் சார்த்தி நிறுத்தாமல் ஒழுக்கத்தில் ஊன்றி வைத்தலே அறிவுடைமை. புத்தர் திருவுருவின்முன் மலரிடும்போது, இம்மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் வாடும் என்று சிந்திக்கும் மரபு நம்மிடையே உண்டு. அச்சிந்தனை மலரை இகழ்வதற்காக ஏற்பட்டதன்று. வாடும் என்று அறிந்தே நல்ல மலரைத் தேடிக் கொணர்ந்து இடுகிறோம். வாடும் என்று அறிந்தே மக்களிடமும் அன்பு செய்கிறோம். அவ்வறிவோடு கூடிய அன்பில் உரிமை கொண்டாடும் எண்ணம் குறைகிறது, கனிவு மிகுகிறது.

அன்பர்களே! மறைந்தோர் நினைவுநாள் நம் இல்லங்களில் வரும்போது மூன்று செயல்களை மேற்கொள்வோமாக. அவரால் நாம் பெற்ற நற்குணம் ஒன்றைப் பெயர் சொல்லி நம் மக்களுக்குக் கூறுவோம். அக்குணத்தால் விளையும் ஒரு செயலை, அது தேவைப்படும் ஒருவருக்கு அன்றே செய்வோம். நம் வீட்டிலோ அண்டையிலோ கணவனை இழந்த பெண் ஒருவர் இருப்பராயின், அவருக்கும் மற்றவரோடு ஒப்ப மலரை நீட்டுவோம். கொள்வதும் தவிர்ப்பதும் அவர் விருப்பமாகுக. இவற்றைச் செய்த பின்னும் மாலையில் மல்லிகையின் மணம் வந்து கண்ணில் நீர் துளிக்குமாயின், அதற்காக யாரும் நாண வேண்டுவதில்லை.